லாபம் இருக்கிறது, பணம் எங்கே? சொந்தத் தொழில் தொடங்குபவர்களுக்கு

சொந்தமாக ஒரு தொழில் வைத்துப் பிழைக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் இருக்கிறது. யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம், உழைப்பின் பலன் நம் கைக்கே வரும், பிள்ளைகளுக்கு ஏதாவது விட்டுச் செல்லலாம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறு ஏதோவாக இருக்கும். 'வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, மாதக் கடைசியில் கையில் காசில்லை' என்பதுதான் அடிக்கடி காதில் விழும் புலம்பல். அந்தப் புலம்பலுக்கு என்ன காரணம் என்று புரிந்துவிட்டால், சொந்தத் தொழிலில் வாய்ப்பு எங்கே இருக்கிறது, சிக்கல் எங்கே இருக்கிறது என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

முதலில், சிறுதொழில் என்பது எவ்வளவு சிறியது? ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் 50 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்தால் சிறு நிறுவனம். 10 பேருக்கும் குறைவு என்றால் குறு நிறுவனம். ஆண்டு விற்றுமுதலுக்கும் தனியாக வரம்பு உண்டு. உலக வங்கியின் கணக்குப்படி, உலகில் இருக்கும் நிறுவனங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள்தான். வேலைவாய்ப்பிலும் பாதிக்கு மேல் அவற்றில்தான் இருக்கிறது. அதனால் சொந்தத் தொழில் என்பது ஏதோ சில துணிச்சல்காரர்களின் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் வேலை நடப்பதே பெரும்பாலும் இப்படித்தான்.

சிறியதாக இருப்பதில் என்ன லாபம்?

பெரிய நிறுவனம் ஒரு பொருளில் சின்ன மாற்றம் செய்ய வேண்டும் என்றாலும் நாலு கூட்டம் போட வேண்டும். சிறுதொழில் நடத்துபவர் காலையில் வாடிக்கையாளர் சொன்ன குறையை மாலைக்குள் சரிசெய்துவிடலாம். இது சாதாரண பலம் அல்ல. அடுத்து, பெரிய நிறுவனத்துக்கு அலுவலகம், மேலாளர்கள், விளம்பரம் என்று மேற்செலவு அதிகம். அதனால் ஆண்டுக்கு சில நூறு பேர் மட்டுமே வாங்கும் ஒரு பொருளில் அது இறங்காது, இறங்கினால் கட்டாது. அந்த சில நூறு பேரை வைத்து ஒரு குடும்பம் கௌரவமாக வாழலாம். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கான கருவிகள், நின்றுபோன பழைய இயந்திரத்துக்கு உதிரி பாகம், ஒரு குறிப்பிட்ட துறைக்கு மட்டுமான மொழிபெயர்ப்பு என்று இப்படிப்பட்ட சந்துகள் நிறைய இருக்கின்றன. என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் தேட வேண்டியது இத்தகைய சந்துகளைத்தான். எல்லாருக்கும் தேவைப்படும் பொருளை எல்லாரையும்விட மலிவாக விற்கிறேன் என்று இறங்கினால், போட்டி பெரிய முதல் வைத்திருப்பவரோடு. அதில் தாக்குப்பிடிப்பது கடினம்.

இன்னொரு வாய்ப்பைப் பலர் கவனிப்பதில்லை. வேலையை விட்டுப் போனால் சம்பளம் அன்றோடு நிற்கும். நன்றாக நடக்கும் தொழிலையோ விலைக்கு விற்கலாம். நிலையான வாடிக்கையாளர்கள், ஒழுங்கான கணக்குப் புத்தகம், முதலாளி இல்லாத நாளிலும் ஓடும் வேலைமுறை ஆகிய மூன்றும் இருந்தால் தொழிலே ஒரு சொத்து. மூன்றாவது இல்லாவிட்டால் வாங்க யாரும் வர மாட்டார்கள். அங்கே விற்பதற்கு இருப்பது முதலாளியின் உழைப்பு மட்டும்தான்.

சரி, பணம்? இங்கேதான் நேராகப் பேச வேண்டும். பார்ட்டன் ஹாமில்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பத்து ஆண்டுகள் சொந்தத் தொழில் நடத்தியவர்களில் நடுவில் நிற்பவரை எடுத்துக்கொண்டால், அதே காலம் வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தைவிட அவருடைய வருமானம் சுமார் 35 சதவீதம் குறைவு. மேல்தட்டில் இருந்த சிலர் மிக அதிகமாகச் சம்பாதித்தார்கள். நம் கண்ணில் படுவது அவர்கள்தான். அப்படியிருந்தும் பலர் தொழிலை விடவில்லை. தன் நேரத்துக்குத் தானே எஜமானாக இருப்பதை அவர்கள் பணத்துக்குச் சமமாக மதித்தார்கள் என்பதுதான் ஹாமில்டன் தரும் விளக்கம். அது தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

அந்த விலை தெரியாமல் போவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சிறுதொழிலில் ஒரே ஆள் மூன்று வேலை பார்க்கிறார். தன் கையால் உழைக்கிறார். ஆள், சரக்கு, விற்பனை என்று நிர்வகிக்கிறார். சேமிப்பைப் போட்டு முதலாளியாகவும் இருக்கிறார். மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் வர வேண்டும்: உழைப்புக்கும் நிர்வாகத்துக்கும் சம்பளம், போட்ட முதலுக்கும் எடுத்த அபாயத்துக்கும் லாபம். ஆனால் எல்லாம் ஒரே பையில் விழுவதால், மாதக் கடைசியில் மிஞ்சியதையெல்லாம் 'லாபம்' என்று சொல்லிவிடுகிறோம். அதே வேலையை வெளியில் செய்திருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தை அதிலிருந்து கழித்துப் பாருங்கள். பல தொழில்களில் மீதி பூஜ்யமாக இருக்கும், சிலவற்றில் மைனஸிலும் போகும். அதனால் முதல் நாளிலிருந்தே உங்களுக்கு ஒரு மாதச் சம்பளம் எழுதுங்கள். ஆரம்பத்தில் எடுக்க முடியாமல் போகலாம், பரவாயில்லை. கணக்கில் செலவாக அது இருந்தே ஆக வேண்டும்.

ஒரு மேசைக் கணக்கு

மேசை செய்து விற்கும் ஒரு சின்னத் தச்சுப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். எண்களை எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், விகிதம்தான் முக்கியம்.

ஒரு மேசையின் விலை 100. மரம், திருகு, வார்னிஷ், கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 60. மேசை செய்தால்தான் இந்தச் செலவு, செய்யாவிட்டால் இல்லை. அதனால் இது மாறும் செலவு. வாடகை, மின்சாரம், இயந்திரக் கடன் தவணை, காப்பீடு என்று மாதம் 800 ஆகிறது. ஒரு மேசைகூட விற்காவிட்டாலும் இது போய்க்கொண்டே இருக்கும். இது நிலையான செலவு. தச்சரின் சொந்தச் சம்பளம் 400. இதையும் நிலையான செலவோடு சேர்த்தால் 1200.

ஒவ்வொரு மேசையிலும் 100-லிருந்து 60 போக 40 மிஞ்சுகிறது. இந்த 40 இன்னும் லாபமாகவில்லை. முதலில் அந்த 1200-ஐ அடைக்க வேண்டும். 1200-ஐ 40-ஆல் வகுத்தால் 30. மாதம் 30 மேசை விற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இதைத்தான் சமநிலைப் புள்ளி என்கிறார்கள். முப்பத்தோராவது மேசையிலிருந்துதான் லாபம் தொடங்குகிறது. தச்சர் மாதம் 35 மேசை விற்கிறார் என்றால், 1400 வந்து 1200 போக லாபம் 200.

சம்பளத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 20 மேசையிலேயே சமநிலை வந்துவிட்டதாகத் தோன்றும். 25 மேசை விற்ற மாதத்தில் 200 லாபம் என்று மகிழ்ந்திருப்பார். உண்மையில் அந்த மாதம் அவர் பாதிச் சம்பளத்துக்கு உழைத்திருக்கிறார், அவ்வளவுதான். தொழில் எதையும் தரவில்லை.

இப்போது ஒரு வாடிக்கையாளர் வந்து, 'பக்கத்தில் 90-க்குத் தருகிறார்களே' என்கிறார். தச்சரும் பத்து சதவீதம்தானே என்று எல்லா மேசைக்கும் விலையைக் குறைத்துவிடுகிறார். பத்து சதவீதம் குறைந்தது விலையில்தான். கையில் நிற்கும் 40 இப்போது 30 ஆகிவிட்டது, அதாவது கால் பங்கு போய்விட்டது. நஷ்டம் வராமல் இருக்கவே 40 மேசை விற்க வேண்டும். பழைய 200 லாபம் வேண்டுமென்றால் 1400-ஐ 30-ஆல் வகுக்க வேண்டும்: 47 மேசை. முன்பைவிட 12 மேசை அதிகமாகச் செய்து, அதே பணத்தை எடுக்கிறார். அத்தனை மேசை செய்ய நேரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

எதிர்ப்பக்கமும் போட்டுப் பாருங்கள். விலையை 110 ஆக்கினால் ஒவ்வொரு மேசையிலும் 50 நிற்கும். 28 மேசை விற்றாலே பழைய லாபம் வந்துவிடும். 35 பேரில் 7 பேர் விலை பிடிக்காமல் போய்விட்டாலும் லாபம் குறையாது. வேலை குறையும், ஒவ்வொரு மேசைக்கும் கவனம் கூடும். விலை குறைத்தால்தான் வியாபாரம் என்ற பயம் புதிதாகத் தொடங்கும் எல்லாரிடமும் இருக்கிறது. அந்தப் பயத்தால் தங்கள் உழைப்பைத் தாங்களே மலிவாக்கிக்கொள்கிறார்கள். நல்ல கைத்திறன் இருந்தும் இந்த ஒன்றினால் களைத்துப்போகிறவர்கள் ஏராளம். அடக்கவிலை தெரியாமல் தள்ளுபடி கொடுக்கவே கூடாது.

பெரிய ஆர்டர் வந்த பிறகு

இனி ஆரம்பத்தில் கேட்ட அந்தப் புலம்பலுக்கு வருவோம். நம் தச்சருக்கு ஒரு நிறுவனத்திலிருந்து 70 மேசைக்கு ஆர்டர் வருகிறது. விலை அதே 100. இரண்டு மாத வேலை. பணம், கடைசி மேசை வந்து சேர்ந்து 60 நாள் கழித்து. கணக்குப் பார்க்கிறார்: மொத்தம் 7000 வரும், மரமும் மற்றதும் 4200, இரண்டு மாத நிலையான செலவு 2400, மீதி 400 லாபம். மோசமில்லை. இரண்டு மாதத்துக்கு விற்பனையைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். ஒப்புக்கொள்கிறார்.

கையில் இருக்கும் ரொட்டேஷன் பணம் 2500. முதல் மாதம் 35 மேசைக்கு மரத்துக்கும் மற்றதற்கும் 2100, நிலையான செலவு 1200. ஆக 3300 வேண்டும். அந்த மாதம் முடியும் முன்பே 800 குறைகிறது. இரண்டாம் மாதத்துக்கு இன்னொரு 3300. மொத்தத்தில் 6600 செலவு செய்துவிட்டு, அதற்குப் பிறகும் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆர்டர் நல்ல ஆர்டர்தான், லாபமும் உண்மையான லாபம்தான், ஆனாலும் பட்டறை பாதியில் நின்றுவிடும். அவசரத்துக்குக் கடன் வாங்கினால் அந்த 400-ஐ வட்டியே தின்றுவிடும்.

லாபம் ஒரு கணக்கு; ரொக்கம் ஒரு தேதி. விற்ற அன்றே லாபத்தைப் புத்தகத்தில் எழுதிவிடலாம், பணம் என்று வருகிறதோ அன்றுதான் வாடகை கட்ட முடியும். இதனால் மற்றவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும் ஒன்று நடக்கிறது: வியாபாரம் வேகமாக வளரும்போதுதான் பணத்தட்டுப்பாடும் வேகமாக வளர்கிறது. ஒவ்வொரு புது ஆர்டருக்கும் முதலில் நம் கைக்காசு போகிறது, பிறகுதான் வருகிறது.

எத்தனை நாள் நம் கைக்காசு வெளியே நிற்கிறது என்று அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. சரக்கு வாங்கி வேலை முடியும் வரை ஆகும் நாட்களையும், வாடிக்கையாளர் பணம் தர எடுக்கும் நாட்களையும் கூட்டுங்கள். சரக்கு கொடுத்தவர் நமக்குத் தரும் தவணை நாட்களை அதிலிருந்து கழியுங்கள். மரம் 20 நாள் கிடங்கில் இருக்கிறது, மேசை செய்ய 10 நாள், பணம் வர 60 நாள், மரக்காரர் தரும் தவணை 30 நாள் என்றால் 20, 10, 60 மூன்றையும் கூட்டி 30-ஐக் கழிக்க, 60. அறுபது நாள் தொழிலை நம் சொந்தப் பணத்தில் ஓட்ட வேண்டும். தொடங்கும்போது பலர் இயந்திரத்துக்கும் இடத்துக்கும் பணம் சேர்த்துவிட்டு இந்த அறுபது நாளை மறந்துவிடுகிறார்கள்.

சரி, தச்சர் என்ன செய்திருக்கலாம்? ஆர்டரை மறுக்கவோ விலையை ஏற்றவோ தேவையில்லை. பணம் வரும் தேதிகளை மாற்றினால் போதும். ஒப்பந்தத்தின்போது 40 சதவீதம் அட்வான்ஸ், பாதி மேசைகள் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு 40 சதவீதம், மீதி 20 சதவீதம் மட்டும் 60 நாள் கழித்து என்று கேட்கட்டும். கையில் இருந்த 2500-ஓடு 2800 சேர்ந்து 5300. முதல் மாதச் செலவு 3300 போக 2000. பாதி மேசைகளைக் கொடுத்ததும் 2800 வந்து 4800. இரண்டாம் மாதச் செலவு போக 1500. எந்த நாளிலும் கல்லா காலியாகவில்லை. கடைசியில் 1400 வரும்போது கையில் 2900 இருக்கும். 2500-லிருந்து சரியாக 400 கூடியிருக்கிறது. அதே மேசை, அதே விலை, அதே லாபம்.

அட்வான்ஸ் கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று தயங்குவார்கள். சில நேரம் போகத்தான் செய்யும். போனால் போகட்டும் என்பதே என் கருத்து. வேலை தொடங்குவதற்கு முன் ஒரு பங்குகூடத் தர மனமில்லாதவர், வேலை முடிந்த பிறகு முழுப் பணத்தையும் நேரத்தில் தருவார் என்று எதிர்பார்ப்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? பெரிய வாடிக்கையாளர்கள் சிறியவர்களை இழுத்தடிப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் இதற்காகவே ஓர் ஆணை கொண்டுவந்தது: அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், நிறுவனங்கள் தங்களுக்குள் வேறு விதமாக வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாவிட்டால் 60 நாளைத் தாண்டக் கூடாது. சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு இது பெரிய பிரச்சினை. உங்கள் நாட்டில் என்ன விதி என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லை வேலை முடிந்த அன்றே அனுப்புங்கள். தேதி தாண்டிய மறுநாளே மரியாதையாக ஒரு போன் போடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட எதுவுமில்லை, அது உங்கள் பணம்.

இதோடு ஒட்டிய இன்னொரு ஆபத்து, ஒரே வாடிக்கையாளரை நம்பி இருப்பது. வருமானத்தில் பாதி ஒருவரிடமிருந்து வந்தால், பெயருக்கு முதலாளியாக இருந்தாலும் நீங்கள் அவரிடம்தான் வேலை பார்க்கிறீர்கள். ஊழியருக்கு இருக்கும் வேலைப் பாதுகாப்பு மட்டும் உங்களுக்கு இல்லை.

கல்லாவில் இருப்பதெல்லாம் நம்முடையதா?

இல்லை. விற்பனை வரி ஒரு நல்ல உதாரணம். பிரான்சில் 1954-ல் தொடங்கிய மதிப்புக் கூட்டு வரி இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. வாடிக்கையாளர் தரும் பணத்தில் ஒரு பகுதியை நாம் அரசுக்காக வாங்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கட்ட வேண்டிய நாள் வரை அது நம் கணக்கில் கிடக்கும். அதை எடுத்துச் சரக்கு வாங்கிவிட்டால், வரி கட்டும் நாளில் கடன் வாங்க வேண்டியதுதான். வாடிக்கையாளர் தந்த அட்வான்ஸும் அப்படியே. பொருளைக் கொடுக்கும் வரை அது கடன். இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, வரிப் பணத்தை வந்த அன்றே தனியாக ஒதுக்கிவிடுவது எளிமையான, பலன் தரும் பழக்கம். வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒன்றாகக் கலக்கவே கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் வீடு வரை வந்துவிடும். தனி ஆளாகத் தொழில் நடத்தினால், தொழிலின் கடன் உங்கள் கடன். கடன்காரர் உங்கள் சொந்தச் சொத்தையும் கேட்கலாம். இதைத் தடுக்கத்தான் லிமிடெட் கம்பெனி, அதாவது உரிமையாளரின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு நின்றுவிடும் அமைப்பு. பிரிட்டன் 1855-ல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. 1896-ல் அங்கே புகழ்பெற்ற ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. ஆரன் சாலமன் என்ற காலணித் தயாரிப்பாளர் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். பங்குகளில் ஏறக்குறைய எல்லாமே அவர் கையில். சில பங்குகள் குடும்பத்தாரிடம். கம்பெனி நொடித்துப்போனது. கம்பெனி என்பதே வெறும் பெயர், எல்லாம் சாலமன்தான், அவரே கடனை அடைக்க வேண்டும் என்பது கடன்காரர்கள் தரப்பு வாதம். அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. கம்பெனி வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று தீர்ப்பானது. உலகின் பல நாடுகளில் கம்பெனிச் சட்டம் இன்றும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

ஆனால் நடைமுறையில் ஒரு கொக்கி இருக்கிறது. சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, உரிமையாளரிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து கேட்பது வழக்கம். அதில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை சட்டம் கொடுத்த கவசத்தை நீங்களே கழற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். போடவே கூடாது என்று சொல்லவில்லை; சில நேரம் வேறு வழி இருக்காது. தொகைக்கு வரம்பு உண்டா, கடன் அடைந்ததும் ஜாமீன் தானாக முடிகிறதா என்பதையாவது படித்துவிட்டுப் போடுங்கள். துணைவருக்குத் தெரியாமல் போடாதீர்கள்.

எவ்வளவு பேர் நிலைக்கிறார்கள்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் பல ஆண்டுகளாக இதைக் கணக்கெடுத்து வருகிறது. புதிதாகத் தொடங்கும் தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்து ஆண்டில் சுமார் பாதி. இந்த விகிதம் நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் பெரிதாக மாறுவதில்லை. கேட்கப் பயமாக இருக்கலாம். ஆனால் மூடியவை எல்லாம் திவாலானவை அல்ல. சிலர் விற்றுவிட்டுப் போனார்கள், சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலருக்கு நல்ல வேலை கிடைத்தது. மூடுவதும் கடனில் மூழ்குவதும் ஒன்றல்ல. முன்னது தொழில் வாழ்க்கையில் சகஜம். பின்னதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இதற்கு உதவும் ஒரு சிந்தனை முறை உண்டு. சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர் அனுபவம் மிகுந்த 27 தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 2001-ல் அதிலிருந்து பிறந்த கருத்துகள் வெளியாயின. இவ்வளவு போட்டால் எவ்வளவு வரும் என்ற கேள்வியோடு அவர்கள் தொடங்குவதில்லை. இது கைவிட்டுப் போனாலும் தாங்கக்கூடிய தொகை எது என்று முதலில் பார்க்கிறார்கள், அதற்குள் என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த அணுகுமுறை. வருமானத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. எவ்வளவு இழந்தால் குடும்பம் தாங்கும் என்பதை இன்றிரவே உட்கார்ந்து சொல்லிவிடலாம்.

அந்த எல்லைக்குள் தொடங்குவது எப்படி? பட்டறை வாடகைக்கு எடுப்பதற்கு முன் ஒரு மேசையை விற்றுப் பாருங்கள். சொந்தக்காரர்கள், நண்பர்களின் பாராட்டைச் சந்தையின் குரலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் பணம் கொடுத்து வாங்கினால்தான் அது செய்தி. 'நல்ல யோசனை' என்று நூறு பேர் சொல்வதைவிட ஒருவர் தரும் அட்வான்ஸ் அதிகம் சொல்லும். முடிந்தால் வேலையில் இருந்துகொண்டே, விதிகள் அனுமதிக்கும் அளவில், ஓய்வு நேரத்தில் செய்து பாருங்கள். இயந்திரத்தை வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். சில மாதம் இப்படி ஓட்டினால் உண்மையான அடக்கவிலை, ஒரு மேசைக்கு ஆகும் உண்மையான நேரம், வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார் என்பது மூன்றும் தெரிந்துவிடும். தொடங்குவதற்கு முன் போடும் எந்தத் திட்டமும் இந்த மூன்றைச் சரியாகச் சொல்லாது.

ஆள் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆளைச் சேர்த்ததும் நிலையான செலவு ஒரே தாவலாகத் தாவும், சமநிலைப் புள்ளியும் தாவும். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் மாதங்களில் உங்கள் வேலை குறையும். ஆனாலும் தனியாளாகவே இருந்தால் உடம்பு முடியாத ஒரு வாரத்தில் வருமானம் முழுக்க நின்றுவிடும். எப்போது சேர்ப்பது? வேலை அதிகமாக இருக்கும் ஒரு மாதத்தை வைத்து முடிவெடுக்காமல், குறைவாக இருந்த மாதத்திலும் அவர் சம்பளத்தைத் தர முடிந்திருக்குமா என்று பழைய கணக்கில் பார்த்து முடிவெடுங்கள்.

தனிமையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வேலையில் ஒரு தவறு நடந்தால் பேச நாலு பேர் இருப்பார்கள். சொந்தத் தொழிலில் தப்பான விலை சொல்லிவிட்ட இரவில் விழித்திருப்பது நீங்கள் மட்டும்தான். அதே தொழிலில் இருக்கும் ஒருவரோடு, போட்டியாளராக இருந்தாலும், மனம்விட்டுப் பேசும் பழக்கம் இருந்தால் பெரிய ஆறுதல்.

கடைசியாக, நிறுத்தும் கோடு. தொடங்கும்போதே அதை எழுதி வைக்க வேண்டும்: கையிருப்பு இந்தத் தொகைக்குக் கீழே போனால், அல்லது இத்தனை மாதத்துக்குள் என் சம்பளத்தை எடுக்க முடியாவிட்டால், நிறுத்திவிட்டு யோசிப்பேன் என்று. தொழில் நடக்கும்போது இந்த முடிவை எடுக்க மனம் விடாது. இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு ஆர்டர் என்று இழுக்கும். வீட்டில் ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து வையுங்கள். கோட்டைத் தீர்மானிக்கும்போது ஒழுங்காக மூடுவதற்கு ஆகும் செலவையும் அதில் சேருங்கள். வேலை செய்தவர்களின் சம்பள பாக்கி, ஒதுக்கி வைத்த வரி, பொருள் கொடுக்காமல் வாங்கிய அட்வான்ஸ், சரக்கு தந்தவர்களுக்கான பாக்கி, இடத்துக்காரருக்கு முன்னறிவிப்புக் கால வாடகை எல்லாம் கொடுக்கும் அளவுக்குப் பணம் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். அதற்கு ஒரு கணக்காளரிடம் போங்கள். முழுவதும் கொடுக்க முடியாத நிலை வந்தால், போனை எடுக்காமல் இருப்பதைவிட, எவ்வளவு, எப்போது தர முடியும் என்று ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.